நஸ்டர்ஷியம் விதையும் குற்றாலத்து ஜாதிக்காயும்

மாசி பாதி தாண்டியாச்சு. கொல்லையில வேலியோரம் நட்ட நஸ்டர்ஷியம் இலை மஞ்சளாக ஆரம்பிச்சிருக்கு. இனி விதை பொறுக்குற வேலை. இந்தச் செடி ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போனவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இலை வட்டமா, குட்டித் தாமரை இலை மாதிரி. பூ ஆரஞ்சு, மஞ்சள், செவப்புன்னு வரும். நம்ம தென்காசி வெயிலுக்கு இது வருசம் பூரா தாங்காது. ஐப்பசி மழையில ஊனுனா மார்கழி, தையில பூக்கும். பங்குனி வெயில்ல காஞ்சிரும். அதனால விதை எடுத்து வச்சாத்தான் அடுத்த வருசம் செடி.

விதை எடுக்குறது லேசு. பூ உதிர்ந்த எடத்துல மூணு மூணா ஒட்டிக்கிட்டுப் பச்சையா காய் நிக்கும். பழுத்ததும் தானா கீழ விழும். இலையை விலக்கி மண்ணுல தேடணும். கொண்டைக்கடலை அளவுல சுருக்கு விழுந்து கெடக்கும். நிழல்ல பத்துப் பதினஞ்சு நாள் காயவச்சு, காகிதக் கவர்ல போட்டு வருசத்தை எழுதி வச்சா போதும்.

இதோட ஊரு தென் அமெரிக்கா, பெரு நாட்டு மலைப்பக்கம். 17ஆம் நூற்றாண்டு முடியுற காலத்துல ஐரோப்பாக்காரங்க தோட்டத்துக்கு வந்துச்சு. நஸ்டர்ஷியம்ங்கிற பேரே இதுக்கு இரவல் பேருதான். லத்தீன்ல மூக்கைச் சுளிக்க வைக்கிறதுன்னு அர்த்தமாம். அது முதல்ல தண்ணிக்குள்ள வளர்ற ஒரு காரக் கீரைக்கு இருந்த பேரு. இதோட இலையைக் கடிச்சாலும் அதே கடுகுக் காரம் ஏறுறதால இதுக்கும் ஒட்டிக்கிச்சு. 1753ல லின்னேயஸ் இதுக்கு ட்ரோப்பியோலம்னு பேர் வச்சார். போர்ல ஜெயிச்சவன், தோத்தவனோட கேடயத்தையும் தலைக்கவசத்தையும் கம்பத்துல மாட்டி வைப்பானாம். இலை அவருக்குக் கேடயம் மாதிரியும் பூ தலைக்கவசம் மாதிரியும் தெரிஞ்சிருக்கு.

வெளிநாட்டுச் செடி நமக்கெதுக்குன்னு ஒருத்தர் கேட்டார். நம்ம கொல்லையை ஒரு சுத்து சுத்திப் பாருங்க. மிளகாய், தக்காளி, நிலக்கடலை, பப்பாளி, கொய்யா எல்லாம் அந்தக் கண்டத்துல இருந்து வந்ததுதான். 1492ல கொலம்பஸ் அங்க போனான், 1498ல வாஸ்கோ டா காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தான். அதுக்குப் பொறவு போர்த்துக்கீசியர் கப்பல்ல மிளகாய் நம்ம கரைக்கு வந்துச்சு. அதுவரைக்கும் நம்ம ஆட்களுக்குக் காரம்னா மிளகுதான். புதுசா வந்த காய்க்குப் பேர் தெரியாம, மிளகு மாதிரி காரமுள்ள காய்னு மிளகாய்னுட்டாங்க. மஞ்சப் பூசணியைப் பல ஊர்ல பரங்கிக்காய்னு சொல்றதும் பரங்கியர்ங்கிற சொல்லை ஒட்டி வந்ததுதான். கப்பல் ஒரு தடவை கொண்டுவந்து போட்டுட்டுப் போயிரும். அது நம்ம காய் ஆனது, வருசா வருசம் விதை எடுத்து வச்ச பொம்பளைங்களால. அவங்க பேர் எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல.

இதுக்கு நேர்மாறான விதை ஒண்ணு நம்ம குற்றாலத்துல இருக்கு, ஜாதிக்காய். அதோட சொந்த ஊர் இந்தோனேசியாவுல பாண்டா தீவுகள். அந்த விதைக்காக நடந்த அநியாயம் கொஞ்சநஞ்சமில்ல. 1621ல டச்சுக்காரங்க அந்தத் தீவுகளைப் பிடிச்சப்ப அங்கிருந்த சனத்துல பெரும்பகுதி செத்தும் அடிமையாகியும் அழிஞ்சுபோச்சு. ஏற்றுமதியாகுற ஜாதிக்காயைச் சுண்ணாம்புல முக்கி அனுப்புவாங்க. பூச்சி அரிக்கக் கூடாது, வேற யாரும் முளைக்க வைக்கவும் கூடாதுன்னு ஏற்பாடு. 1770ல பியர் பூவாவ்ர்ங்கிற பிரெஞ்சுக்காரர் ஏற்பாட்டுல ஜாதிக்காயும் கிராம்பும் கள்ளத்தனமா மொரீஷியஸ் தீவுக்குப் போச்சு. 1796ல இங்கிலீஷ்காரங்க பாண்டாவைப் பிடிச்சாங்க. உடனே கிறிஸ்டோபர் ஸ்மித்ங்கிற செடிக்காரரை அனுப்பிக் கன்னுகளைக் கப்பல்ல ஏத்துனாங்க. அந்தக் காலத்தை ஒட்டித்தான் கம்பெனி நம்ம குற்றாலத்துலயும் வாசனைத் தோட்டம் போட்டு ஜாதிக்காய், கிராம்பு, பட்டை வச்சது. சாரலும் நிழலும் ஈரமும் அந்தத் தீவு மாதிரியே இருக்குன்னு கணக்கு.

ஜாதிக்காய் விதையை நஸ்டர்ஷியம் மாதிரி காகிதக் கவர்ல போட்டு வைக்க முடியாது. காய வச்சா உயிர் போயிரும். பழத்துல இருந்து எடுத்த சில நாள்லயே ஈர மண்ணுல ஊனியாகணும். ஊனுனாலும் ஆண் மரமா பெண் மரமான்னு தெரிய ஆறேழு வருசம் பொறுக்கணும். குற்றாலத்துல சீசனுக்கு விக்கிற மங்குஸ்தான் கொட்டையும் இதே ஜாதிதான், காஞ்சா செத்துரும். இந்த மாதிரி விதைக்கு மரம்தான் பத்தாயம். மரத்தை வெட்டிட்டா எந்த டப்பாவுலயும் பாதுகாக்க முடியாது. பழத்தோட்ட அருவி பக்கம் நிக்கிற பழைய மரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோணும்.

1830கள்ல ராபர்ட் வைட்ங்கிற வெள்ளைக்கார டாக்டர் நம்ம குற்றாலம் மலையில செடி சேகரிச்சார். அவருக்கு ரங்கையா, கோவிந்துன்னு நம்மாட்கள் ரெண்டு பேர் படம் வரைஞ்சு கொடுத்திருக்காங்க. ஆனா தாள்ல ஒட்டின செடி முளைக்காது. முளைக்கணும்னா வீட்லதான் வச்சிருக்கணும்.

எங்க ஆச்சி காலத்துல வீடே விதைக் கிட்டங்கிதான். கொடி நல்ல பலமா இருக்கும்போது காய்ச்ச காயில ஒண்ணுல துணி கட்டிருவா. துணி கட்டுன காயில யாரும் கை வைக்கக் கூடாது. சுரை, பீர்க்கு, பூசணி விதையைச் சாணியில பதிச்சு சுவத்துல தட்டி வைப்பா. அவரை விதைக்குச் சாம்பல். துவரைக்குச் செம்மண் கரைசல். மக்காச்சோளக் கதிர் அடுப்புக்கு மேல தொங்கும், புகை பட்டா வண்டு அண்டாது. கத்தரிக்காயை மஞ்சளா பழுக்கவிட்டு, தண்ணியில கரைச்சு, அடியில தங்குற விதையை மட்டும் எடுப்பா. மிதக்குறது பொக்கு.

பொண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது முந்தானையில விதை முடிஞ்சு அனுப்புவாங்க. இப்படித்தான் ஒரு ஊர்க் கத்தரிக்காய் அடுத்த ஊருக்குப் போச்சு.

இப்ப பாக்கெட் விதை. வீரிய ஒட்டு ரகம் முதல் வருசம் நல்லாத்தான் காய்க்குது, இல்லங்கல. ஆனா அந்தப் பழத்துல விதை எடுத்துப் போட்டா ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை, ஒண்ணு காய்க்கவே காய்க்காதுன்னு பலதாப் பிரியும். அதனால வருசா வருசம் கடைக்குப் போகணும். எங்க தெருவுல முன்னால வீட்டுக்கு வீடு இருந்த வரிக் கத்தரிக்காய் இப்ப ரெண்டு வீட்லதான் இருக்கு. அதுல ஒண்ணு எங்க வீடு. இன்னொரு வீட்டு அம்மாவுக்கு எண்பது வயசு ஆகுது, பிள்ளைங்க எல்லாம் திருப்பூர்ல. அந்த வீடு பூட்டிட்டா, ஒரு வருசம் எங்க விதை முளைக்காமப் போனா, அந்தக் காய் ஊர்லயே இல்லாமப் போயிரும்.

சட்டம் நமக்குத் தடையா இல்ல. 2001ல வந்த பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டப்படி விவசாயி தன் விதையை எடுத்து வைக்கலாம், திரும்ப விதைக்கலாம், மாத்திக்கலாம், விக்கவும் செய்யலாம். பிராண்டு பேர் போட்டு விக்கிறதுக்கு மட்டும்தான் தடை. உரிமை இருக்கு, எடுத்து வைக்கத்தான் ஆள் இல்ல.

அதனால உங்க கொல்லையில ஒரே ஒரு காயை இந்த வருசம் பறிக்காம விடுங்க. முத்தி, காஞ்சு, தானா விதையாகட்டும். அதை ரெண்டாப் பிரிச்சு ஒரு பங்கை நீங்க வைங்க, இன்னொரு பங்கை வேற வீட்ல கொடுங்க. ஒரு வீட்ல எலி தின்னாலும் மறு வீட்ல இருக்கும். தென்காசிப் பக்கம் வர்றவங்க எங்க வீட்டு வரிக் கத்தரி விதை கேட்டு வாங்கிக்கலாம், காசு வேண்டாம். அடுத்த வருசம் அதுல இருந்து ஒரு கைப்பிடி விதையை இன்னொருத்தருக்குக் கொடுத்தா போதும்.