ஒரு ஸ்தாயி கீழே: பேஸ் கிட்டாரின் நிழலொலி பிறந்த கதை



சென்ற பள்ளி விடுமுறையில் என் முன்னாள் மாணவர் ஒருவர் இல்லம் தேடி வந்தார். ஆறாம் ஆண்டில் என் வகுப்பில் அமர்ந்திருந்த சிறுவன், இன்று திருமண விருந்துகளில் வாசிக்கும் சிறிய இசைக்குழுவொன்றில் பேஸ் கிட்டார் கலைஞர். குழுவில் கீபோர்டு வாசித்தவர் வேலை நிமித்தம் வெளியூர் சென்றுவிட்டாராம். இடையிசை வரும்போதெல்லாம் மேடை வெறுமையாகி விடுகிறது என்று வருந்தினார்.

"ஐயா, ஆக்டேவ் பெடல் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். பழைய அனலாக் வகைதான் தெளிவானது என்கிறார்கள் நண்பர்கள். கடைக்காரரோ அது குறையுள்ள பழஞ்சரக்கு, டிஜிட்டல் வாங்கு என்கிறார். எதை வாங்குவது?"

பயிற்சிக் கல்லூரி விடுதியில் நானும் அக்கருவியை மீட்டித் திரிந்தவன் என்பதை அவர் மறக்கவில்லை. இருவர் சொன்னதும் உண்மைதான். ஆயினும் அக்குறை எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் பணத்தைச் செலவிடுவது நன்றன்று. ஆகவே அவருக்குக் கூறியதை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

ஒரு சுரத்தின் அதிர்வெண்ணைப் பாதியாக்கினால் அதே சுரம் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். பழந்தமிழிசையில் வலிவு, சமன், மெலிவு என்று மூவகை இயக்கம் உண்டல்லவா? சமனில் மீட்டியதற்கு மெலிவில் ஒரு நிழலைச் சேர்ப்பதே இப்பெடலின் பணி. ஆனால், ஒலியை எப்படிப் பாதியாக்குவது?

விடை இசைக்கூடத்தில் பிறக்கவில்லை. 1918இல் பிரிட்டனைச் சேர்ந்த எக்கிள்ஸ், ஜோர்டன் என்னும் இருவர் இரண்டு வெற்றிடக் குழாய்களைக் கொண்டு ஒரு மின்சுற்றை அமைத்தனர். அதற்கு இரண்டே நிலைகள். ஒருமுறை தூண்டினால் ஒரு நிலை, மறுமுறை தூண்டினால் மற்றொன்று. பின்னாளில் இதற்கு ஃபிளிப்-ஃபிளாப் என்று பெயர் வந்தது. கயிறு இழுத்தால் எரியும் விளக்கை எண்ணிப் பாருங்கள். முதல் இழுப்பில் எரியும், அடுத்த இழுப்பில் அணையும். கயிறு நூறுமுறை இழுபட்டால் விளக்கு ஐம்பதுமுறைதான் எரிந்திருக்கும். அதிர்வைப் பாதியாக்கும் வித்தை இவ்வளவுதான்.

1939இல் வெளிவந்த ஹேமண்ட் நிறுவனத்தின் நோவாகார்ட், அதிர்வைப் பகுக்கும் உத்தியை இசைக்கருவிக்குள் கொண்டுவந்தது. 163 குழாய்கள் கொண்ட அக்கருவியில் மேல் ஸ்தாயியின் 12 சுரங்களுக்கு மட்டுமே தனித்தனி அலையாக்கிகள். கீழுள்ள சுரங்கள் யாவும் அவற்றைப் பகுத்துப் பெறப்பட்டவை. 1965இல் செல்மர் நிறுவனத்தின் வேரிட்டோன் சாக்ஸபோனுக்குக் கீழ் ஸ்தாயி நிழலைத் தந்தது. ஜாஸ் கலைஞர் எடி ஹாரிஸ் அதனை வாசித்துப் புகழ்பெற்றார்.

எழுபதுகளில் இவ்வித்தை கிட்டார் கலைஞர்களின் காலடிக்கு வந்தது. எம்எக்ஸ்ஆர் நிறுவனத்தின் புளூ பாக்ஸ் இரண்டு ஸ்தாயி கீழே இறங்கி உறுமியது. ஆம், உறுமியது என்பதே பொருத்தமான சொல். ஃபிளிப்-ஃபிளாப் தருவது சதுர அலை. அதற்கு விரலின் மென்மையோ அழுத்தமோ தெரியாது. அதனை அப்படியே காதுக்கு அனுப்பினால் வண்டின் ரீங்காரம்தான் கிடைக்கும். சிலருக்கு அதுவும் பிடிக்கும், மறுக்கவில்லை. திருமண மண்டபத்தில் பாட்டிமார்களுக்குப் பிடிக்குமா என்பதுதான் ஐயம்.

1982இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம், தன் பாஸ் முத்திரையில் ஓசி-2 என்னும் பழுப்புநிறப் பெடலை வெளியிட்டது. அதன் நுட்பம் வியப்புக்குரியது. சதுர அலையை அது ஒலியாகப் பயன்படுத்தவில்லை, ஏவலாளாகப் பயன்படுத்தியது. கலைஞரின் சொந்த ஒலியலையை, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றாக, ஃபிளிப்-ஃபிளாப் தலைகீழாகப் புரட்டும். அப்போது இரண்டு சுற்றுகள் சேர்ந்தே ஒரு முழுச்சுற்றாகின்றன. அதிர்வெண் பாதியாகிவிடுகிறது. புரட்டப்பட்டது நம் ஒலியே என்பதால் மெல்ல மீட்டினால் நிழலும் மெலிகிறது, அழுத்தினால் பெருக்கிறது. அனலாக் பெடலைத் தெளிவானது என்று போற்றுவோர் சொல்வது இதைத்தான்.

குறையும் இதே நுட்பத்திலிருந்துதான் வருகிறது. ஃபிளிப்-ஃபிளாப் எண்ணத் தெரிந்த குழந்தை போன்றது. ஒரே நேரத்தில் இருவர் பேசினால் எண்ணிக்கை தவறிவிடும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். தடித்த கம்பியிலோ இன்னொரு சிக்கல் உண்டு. அடிப்படை அதிர்வைவிட அதன் இருமடங்கு அதிர்வு சிலவேளை வலுத்து நிற்கும். சுற்று எதை எண்ணுவதென்று தடுமாறி மேலும் கீழுமாகத் தாவும்.

கணக்கையும் பாருங்கள். பேஸ் கிட்டாரின் தடித்த இ கம்பியின் அதிர்வெண் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். அதன் பாதி 20.6. மனிதச் செவியின் கீழெல்லையே ஏறத்தாழ 20தான். சிறிய ஒலிபெருக்கிகள் அதனைத் தரவும் மாட்டா. அங்கே பெடலை மிதித்துப் பயனில்லை. மாறாக, டி கம்பியில் இரண்டாம் கட்டையில் ஒலிக்கும் 82 ஹெர்ட்ஸைப் பாதியாக்கினால் மீண்டும் அந்த 41 கிடைக்கிறது.

இங்கேதான் நம்மில் பலரும் தவறிவிடுகிறோம். கீழே இறங்குவதற்கான கருவி என்று எண்ணி வாங்குகிறோம். உண்மையில் இது மேலே ஏறுவதற்கான கருவி. வேல்ஸ் நாட்டுக் கலைஞர் பினோ பல்லடினோ எண்பதுகளில் இதனை மெய்ப்பித்தார். கட்டைகளில்லாத மியூசிக் மேன் ஸ்டிங்ரே கருவியில் மேல்நிலையில் இன்னிசை வாசித்து, ஓசி-2வின் நிழலைக் கீழே படரவிட்டார். கருவி மேலே பாடியது, ஆனால் தளம் காலியாகவில்லை.

2003இல் ஓசி-2 நிறுத்தப்பட்டது. அவ்விடத்தில் வந்த டிஜிட்டல் ஓசி-3 பல சுரங்களை ஒருசேரக் கையாளும். குறை தீர்ந்தது, கதை முடிந்தது என்றுதான் நினைத்திருப்பர். ஆனால் கலைஞர்கள் பழைய பழுப்புப் பெட்டியைத் தேடி அலைந்தனர். 2020இல் வந்த ஓசி-5, ஓசி-2வின் ஒலியைப் போலச் செய்யும் பழைய பாணி முறை ஒன்றையும் கொண்டிருந்தது. தன் பழைய மாணவனைப் பார்த்துத் தானே நடிப்பது போல!

இதனிடையே சுவீடனின் இபிஎஸ் ஆக்டாபேஸ், எம்எக்ஸ்ஆர் பேஸ் ஆக்டேவ் டீலக்ஸ் முதலியன அனலாக் வழியிலேயே பேஸ் கிட்டாருக்கென்று வந்துள்ளன. பின்னதில் கீழ் ஸ்தாயிக்கே இருவகைக் குரல்கள் உண்டு. ஒன்று ஆழ்ந்து உருண்டது, மற்றது கரகரப்புடன் நடுவொலி மிகுந்தது.

மாணவரிடம் இதையெல்லாம் கூறி, சில குறிப்புகளும் தந்தேன். சொந்தக் கிட்டாரையே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். கழுத்துப்பக்கப் பிக்கப்பில், டோன் குமிழைக் குறைத்து வாசியுங்கள். பிற கம்பிகளை விரலால் அடக்குங்கள். பெடல் வரிசையில் இது முன்னே நிற்கட்டும். ஏ கம்பியில் மேலிருந்து ஒவ்வொரு கட்டையாக இறங்கி, நிழல் எங்கே தடுமாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் இடையிசை அந்த இடத்துக்கு மேலே இருந்தால் அனலாக் போதும். இரு கம்பிகளைச் சேர்த்து மீட்டும் பழக்கமிருந்தால் டிஜிட்டலே நல்லது, வீண் பிடிவாதம் வேண்டாம்.

இரண்டு வாரம் கழித்து அழைத்தார். பழைய ஓசி-2வுக்குக் கேட்ட விலை கைக்கு எட்டவில்லையாம். புதிய அனலாக் பெடல் ஒன்றை வாங்கியிருக்கிறார். ஏ கம்பியில் மூன்றாம் கட்டை வரை நிழல் உறுதியாக நிற்கிறதாம். "அதற்குக் கீழே காலை எடுத்துவிடுகிறேன் ஐயா" என்றார்.