பாப்பாரப்பட்டியில் எழாத கோயில்

சமய நம்பிக்கை மாறியவர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர் திருநாவுக்கரசர். சைவராகப் பிறந்து, சமணத்தில் தருமசேனராகி, சைவத்துக்கே மீண்டவர். அவர் கதையில் கரைகள் இரண்டும் தெளிவாகத் தெரிகின்றன. சுப்பிரமணிய சிவாவின் வாழ்வில் அந்தத் தெளிவு கிடையாது. அவர் மதம் மாறவில்லை. ஆனால் 1884இல் வத்தலக்குண்டில் பிறந்தபோது அவருக்கு வாய்த்த தெய்வமும், 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் மறைந்தபோது அவர் நெஞ்சில் இருந்த தெய்வமும் ஒன்றல்ல.

திருப்பம் திருவனந்தபுரத்தில் நேர்ந்தது. ஆரிய சமாஜப் பேச்சாளர் ஒருவரின் சொற்பொழிவுகள் இளைஞர் சிவாவை உலுக்கின. அவர் தர்ம பரிபாலன சமாஜத்தைத் தொடங்கினார். பெயர் சமயத்தைச் சொன்னது, மேடையில் பேசப்பட்டதோ தேசம். திருவிதாங்கூர் அரசு அவரை வெளியேற்றியது. ஆரிய சமாஜம் உருவ வழிபாட்டை அடியோடு மறுப்பது என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும். அதன் சொல்லால் எழுந்தவர்தான் பின்னாளில் ஒரு புதிய உருவத்துக்குக் கோயில் எழுப்ப முனைந்தார்.

1908 மார்ச்சில் வ.உ.சி.யுடன் கைதானார். அதே ஆண்டு மே மாதம் கல்கத்தாவில் அரவிந்தர் கைதானார். அலிப்பூர்ச் சிறையில் தாம் கண்ணனைக் கண்டதாக அரவிந்தர் மறுஆண்டு உத்தரபாராவில் பேசினார். 1910இல் அரசியலை விட்டுப் புதுச்சேரி சேர்ந்தார். வ.உ.சி. சைவ சித்தாந்தத்தில் ஊன்றிச் சிவஞான போதத்துக்கு உரை எழுதினார். அது 1935இல் வெளிவந்தது. சிவாவுக்குச் சிறை தந்தது தொழுநோய். தெய்வத்தின் மீது கசப்படைய அவரைவிட நியாயமான காரணம் வேறு யாருக்கு இருந்தது? அவரோ 1912இல் விடுதலையாகி, அடுத்த ஆண்டே 'ஞானபாநு' இதழைத் தொடங்கினார். சிவப் பெயர் தாங்கியவர் இராமாநுஜரையும் மத்வரையும் பற்றி எழுதினார். ஒரு சம்பிரதாயத்துக்குள் அடங்கமுடியாத மனம் அது. 1921இல் துறவு பூண்டு சுதந்திரானந்தர் ஆனார். வீடுபேற்றை நாடும் துறவுக்கு இப்படியொரு பெயரா என்று கேட்கலாம். அவருக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டிருந்தன என்பதே என் எண்ணம்.

நோயாளி என்பதால் ரயில் பயணம் மறுக்கப்பட்டது. மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று பேசினார். அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த பாப்பாரப்பட்டியில் நண்பர்கள் உதவியுடன் நிலம் வாங்கி, ஆசிரமம் அமைத்து, எல்லாச் சாதியினரும் சமயத்தினரும் வழிபடத்தக்க பாரத மாதா கோயிலைக் கட்ட நினைத்தார். 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார்.

இங்கேதான் எனக்கு ஒரு தயக்கம். எல்லோருக்கும் பொது என்று அவர் கண்ட தெய்வத்தின் வடிவம் பொதுவானதா? தாயை அம்மனாகக் காணும் கண் ஒரு சைவருக்கோ வைணவருக்கோ இயல்பானது. உருவம் வணங்காத இஸ்லாமியர் அந்தச் சந்நிதியில் என்ன செய்வார்? சிவாவின் நம்பிக்கை தெய்வத்தை மாற்றிக்கொண்டது. கருவறையையும் அர்ச்சனையையும் அப்படியே வைத்துக்கொண்டது. 1936இல் காசியில் காந்தி திறந்துவைத்த பாரத மாதா கோயிலில் சிலை இல்லை. சலவைக்கல்லில் செதுக்கிய நாட்டின் வரைபடம்தான் இருக்கிறது. அதை சிவா பார்த்திருந்தால் ஏற்றிருப்பாரா? மாட்டார் என்றே தோன்றுகிறது. வரைபடத்தின் முன்னால் அவரால் அழமுடியாது.

கோயில் எழும் முன்பே அவர் போய்விட்டார், நாற்பத்தொரு வயது நிறையாமல். பாப்பாரப்பட்டியில் இப்போது அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. பாரத மாதாவுக்கு அரசு கட்டிய நினைவாலயமும் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் அந்த நினைவாலயத்தின் பூட்டை ஓர் அரசியல் கட்சியினர் உடைத்து உள்ளே நுழைந்தார்கள், கைதுகளும் நடந்தன. அது கோயிலா, நினைவகமா என்ற வழக்கு இன்னும் ஊர்வாயில் ஓயவில்லை.