கூதிர்காலத்து நிலா

'இலையுதிர்காலம்' என்னும் சொல்லைப் பாடநூல்களிலும் மொழிபெயர்ப்புக் கதைகளிலும் நீங்கள் கண்டிருப்பீர்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரையுள்ள திங்கள்களை ஜப்பானியர் அப்பருவமாகக் கொள்கின்றனர். அத்திங்கள்களில் நம் கோயம்புத்தூரில் எந்த மரம் இலை உதிர்க்கின்றது? நொய்யற்கரை மரங்கள் அப்பொழுதுதான் மழையில் நனைந்து தழைத்து நிற்கும். ஆகவே அச்சொல் நம் வானத்தைப் பார்த்து எழுந்த சொல் அன்று.

நம் முன்னோர் தம் நிலத்தையும் வானத்தையும் பார்த்தே பருவங்களுக்குப் பெயரிட்டனர். கார், கூதிர், பனி, வேனில் என்னும் பாகுபாட்டைத் தொல்காப்பியத்திலேயே காண்கிறோம். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்பர் உரையாசிரியர். கூதிர் என்பது மழையும் வாடைக் காற்றும் கூடிய குளிர்ப்பருவம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை இப்பருவத்தைக் கண்முன் நிறுத்துகின்றது. மேகம் மூடிய வானத்தில் பொழுது தெரியவில்லை. தட்டில் இட்டு வைத்த பித்திக அரும்புகள் மலர்ந்து மணம் வீசுவது கண்டே மகளிர் மாலை வந்ததை உணர்ந்து விளக்கேற்றுகின்றனர். கதிரவனே தெரியாத நாளில் நிலவைக் காண்பது எங்ஙனம்?

இவ்வினாவை மனத்திற் கொண்டு ஜப்பான் நாட்டுக்குச் சென்று வருவோம். அங்கே இலையுதிர்காலத்தின் தலையாய வழக்கம் 'த்சுகிமி' எனப்படும் நிலாக் காட்சி. பழைய சந்திர ஆண்டின் எட்டாம் மாதத்துப் பதினைந்தாம் இரவே அதற்குரிய நாள். நம் கணக்கில் பெரும்பாலும் புரட்டாசியில் வரும். சீனத்திலிருந்து வந்த இவ்வழக்கத்தை முதலில் அரசவையினரும் பிரபுக்களும் கொண்டாடினர். பிற்காலத்தில் குடியானவர் வீடுகளுக்கும் அது பரவியது. வீட்டு முகப்பில் நாணலைப் போன்ற ஒருவகைப் புல்லின் கதிர்களைச் செருகி, அரிசிமாவு உருண்டைகளையும் புதிதாகத் தோண்டிய சேம்பங்கிழங்கையும் படைப்பர். ஆகவே அது அறுவடை நிலவுமாகும். 1873ஆம் ஆண்டில் ஜப்பான் மேலைநாட்டு நாட்காட்டியை மேற்கொண்டது. அதன் பின்னரும் இவ்விழாவைச் சந்திரக் கணக்கிலேயே நடத்தி வருகின்றனர்.

அந்நாட்டிலும் புயலும் மழையும் அக்காலத்தில் உண்டு. மேகத்தில் மறைந்த முழுநிலவுக்கு ஒரு பெயர், மழையில் மறைந்த முழுநிலவுக்கு வேறொரு பெயர் என அம்மொழியில் சொற்கள் உள்ளன. மேலும், ஏறத்தாழ ஒரு திங்கள் கழித்துப் பதின்மூன்றாம் இரவில் மற்றுமொரு நிலாக் காட்சி நிகழும். பதின்மூன்றாம் இரவில் மேகம் இராது என்பது அங்கே வழங்கும் பேச்சு. வானம் தெளிவதற்காகக் காத்திருந்த மக்களின் பட்டறிவு அதில் அடங்கியுள்ளது.

இனி நம் கொங்கு நாட்டுக்குத் திரும்புவோம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே உள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவத்தில் நமக்குக் காற்று மிகுதியாக வருகின்றது. மழையின் பெரும்பகுதி மலைக்கு மேற்கேயே பொழிந்துவிடுகின்றது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வீசும் வடகிழக்குப் பருவக் காற்றே கோவைக்கு ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தருவது. புரட்டாசிப் பட்டத்தில் விதைத்த மானாவாரிச் சோளம் இம்மழையை நம்பி வளர்ந்து, தைத்திங்களை ஒட்டி அறுவடைக்கு வரும்.

ஆகவே ஜப்பானியர் நிலவைப் பார்த்து மகிழும் காலத்தில் கொங்கு உழவன் மேகத்தைப் பார்த்து மகிழ்கிறான். அவனுடைய முழுநிலா நாள்களை வரிசையாக நோக்குங்கள். ஐப்பசி முழுநிலவில் பேரூர் முதலிய சிவன் கோயில்களில் இறைவனுக்கு அன்னாபிடேகம் நடைபெறுகின்றது. ஜப்பானியர் நிலவுக்கு அரிசி உருண்டை படைக்க, நாம் கோயிலுக்குள் இறைவன் திருமேனியைச் சோற்றால் மூடுகிறோம். வெளியே மழை பெய்தாலும் அவ்விழாவுக்குக் குறைவில்லை. கார்த்திகை முழுநிலவில் இல்லந்தோறும் அகல்விளக்கு ஏற்றுகிறோம்.

இக்கார்த்திகை விழாவின் தொன்மைக்கு அகநானூற்றின் 141ஆம் பாட்டுச் சான்று பகர்கின்றது. அதனைப் பாடியவர் நக்கீரர். மழை நீங்கிய வானத்தில் முழுமதி கார்த்திகை மீனொடு சேரும் இரவில், தெருவெங்கும் விளக்கு வைத்து மாலை தொங்கவிட்டு மூதூர் மக்கள் விழாக் கொண்டாடியதை அவர் பாடுகின்றார். மழை நீங்கியது என்பதை அவர் சொல்லாமல் விடவில்லை என்பது கருதத்தக்கது. அந்த மதியின் நடுவே குறுமுயல் வடிவில் மறு விளங்கியதையும் அவர் காட்டுகின்றார். ஜப்பானியக் குழந்தைகளும் நிலவில் முயலையே காண்கின்றனர். அது உலக்கை கொண்டு அரிசிமாவு இடிக்கின்றது என்பர். பசித்தவனுக்கு உணவாகத் தன்னையே தீயில் இட்ட முயலைச் சந்திரனில் வரைந்து வைத்ததாகக் கூறும் புத்த சாதகக் கதை அந்நாட்டுக்கும் சென்றுள்ளது.

அங்ஙனமாயின், நிலவைக் கண்டு விளையாடும் விழா கொங்கில் இல்லையா? உண்டு, அது தையில் வருகின்றது. தைப்பூசத்துக்கு முந்திய வளர்பிறை இரவுகளில் சிறுமியரும் மகளிரும் தத்தம் வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்து ஊர்ப் பொதுவிடத்தில் கூடி, நிலவைப் பாடிக் கும்மியடித்து, உணவைப் பகிர்ந்து உண்பர். இதனை நிலாச்சோறு என்பர். முறைகள் ஊருக்கு ஊர் மாறும். மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, சோளக் கதிர் களத்துக்கு வரும் காலம் அது. எனவே ஜப்பானியரின் இலையுதிர்கால நிலவும் கொங்கின் தைநிலவும் உண்மையில் ஒரே நிலவு. இரண்டும் தெளிந்த வானத்து அறுவடை நிலவுகள். நாட்காட்டியில் அவை வெவ்வேறு இடத்தில் நிற்பதற்கு மழையே காரணம் என்பது என் கருத்து.

இவ்வழக்கங்களின் உட்பொருளை அறிந்தவர் யார்? நம் வீட்டு முதியோரே. ஜப்பானில் ஹ்யோகோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்று, முதியோரின் அறிவைத் துணையாகக் கொண்டு ஊரை வளர்ப்போம் என்று 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாளை அவர்களுக்கு உரிய நாளாக்கியது. வேளாண் வேலை குறைந்த, நல்ல பருவநிலை உள்ள நாள் என்பதால் அதனைத் தேர்ந்தனர். 1966இல் முதியோர் நாள் நாடு முழுதுக்கும் விடுமுறை நாளாயிற்று. 2003 முதல் செப்டம்பரின் மூன்றாம் திங்கட்கிழமையில் அது நிகழ்கின்றது.

நமக்கு அதற்கெனத் தனி நாள் வேண்டுவதில்லை. நிலாச்சோற்றுப் பாடல்கள் ஏட்டினும் மிகுதியாக நாவிலேயே வாழ்ந்தவை. சிறுமியராக அவற்றைப் பாடியவர் பலர் இன்று மூதாட்டியர். மின்விளக்கு நிறைந்த தெருவில் வளர்பிறை வருவதும் போவதும் நமக்குத் தெரிவதில்லை. ஆதலின், வருகின்ற தைத்திங்களில் உங்கள் அப்பத்தாவிடமோ அம்மாயியிடமோ சென்று, எந்த ஊரில், எத்தனை இரவு, என்ன பாடினீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள்; மழை எப்பொழுது நின்றது, எப்பயிர் களத்தில் இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஊர்தோறும் ஒரு மாணவர் இதனைச் செய்தால், கொங்கு நாட்டு வரலாற்றில் இதுவரை எழுதப்படாத பக்கங்கள் பல நமக்குக் கிடைக்கும்.