கைக்கடிகாரக் கூடு: சிறு சிஎன்சி ரௌட்டரில் கடைதல்

கைக்கடிகாரக் கூடு என்பது வாட்ச் மெஷினையும் டயலையும் முட்களையும் உள்ளே தாங்கும் உலோக உடல். மேலே கண்ணாடி, கீழே பின்மூடி, பக்கவாட்டில் சாவி, இரு முனைகளிலும் பட்டை மாட்டும் காதுகள் என எல்லாமே இதில்தான் வந்து சேர்கின்றன. தொழிற்சாலைகள் லட்சக்கணக்கில் செய்து தள்ளும் இந்தப் பொருளை, மேசைமேல் அடங்கும், கணினி நிரல்படி வெட்டும் சிஎன்சி ரௌட்டரில் ஒற்றை உருப்படியாகக் கடைந்தெடுப்பது உலகெங்கும் ஒரு பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வடிவமைப்பு வேலையாகத் தெரியும். உண்மையில் இது பொருத்தம் பார்க்கும் வேலை. கூட்டின் ஒவ்வோர் அளவையும் உள்ளே உட்காரப்போகும் மெஷின்தான் முடிவுசெய்கிறது.

தொழிற்சாலை வழி

இந்தியாவில் எச்எம்டி நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் சேர்ந்து 1961-இல் பெங்களூரில் கைக்கடிகார உற்பத்தியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் கூட்டாக 1984-இல் டைட்டன் நிறுவனத்தை அமைத்தன; அதன் ஆலை ஓசூரில் எழுந்தது. 2002-இல் வெளிவந்த டைட்டன் எட்ஜ் கடிகாரத்தின் மொத்தத் தடிமன் 3.5 மி.மீ., அதன் மெஷினின் தடிமன் 1.15 மி.மீ. அந்த இரண்டு எண்களுக்கும் இடையே மிஞ்சும் 2.35 மி.மீ.க்குள் டயல், முட்கள், கண்ணாடி, பின்மூடி எல்லாம் அடங்கியாக வேண்டும். கூடு செய்யும் வேலையின் நெருக்கடியை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் உதாரணம் கிடைப்பது அரிது.

ஆலைகளில் கூட்டின் முரட்டு வடிவம் பெரும்பாலும் அழுத்த எந்திரத்தில் உருவாகிறது. எஃகுத் தகட்டைப் பல முறை அச்சில் அடித்து, நடுநடுவே சூடாக்கி இறுக்கம் தளர்த்தி, பிறகுதான் லேத்திலும் மில்லிங் எந்திரத்திலும் அளவுக்குக் கொண்டுவருவார்கள். அச்சு செய்யும் செலவைப் பல்லாயிரம் கூடுகள் பகிர்ந்துகொள்ளும். ஒரே ஒரு கூடு வேண்டுபவருக்கு அந்த வழி கட்டாது. அவருக்குக் கட்டி உலோகத்திலிருந்து நேரடியாகக் கடைவதே வழி.

எந்திரம்

சிஎன்சிக்கு முன்னோடியான எண்வழிக் கட்டுப்பாட்டு மில்லிங் எந்திரம் 1952-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. அது ஓர் அறையை அடைக்கும் அமைப்பு. 2009-இல் நார்வேயின் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் எழுதிய கிரபிள் என்ற மென்பொருள், கையகல ஆர்டுயினோ பலகையிலேயே மூன்று அச்சுகளையும் ஓட்டிக் காட்டியது. இன்றைய மலிவு ரௌட்டர்கள் பலவற்றின் மூளை அதுதான். பரவலாக விற்கும் 3018 வகையின் பெயரே அதன் மேசை அளவு: 300 மி.மீ. நீளம், 180 மி.மீ. அகலம்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வழியாகச் சுமார் 150 கி.மீ. தொலைவிலுள்ள திருவண்ணாமலை போன்ற கோயில் நகரத்தில் டைட்டனைப் போன்ற ஆலை இல்லை. ஆனால் இந்த வகை ரௌட்டருக்கு ஆலை தேவையுமில்லை. வீட்டின் 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் இணைப்பே போதும். மாட வீதிகளையொட்டிச் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் அதன் இரைச்சல்தான் பிரச்சினை. பௌர்ணமி கிரிவலத்தன்று ஊருக்குள் வண்டி நுழைவது கடினம் என்பதால், சென்னையிலிருந்து வரவேண்டிய உலோகக் கட்டியையும் கட்டரையும் அதற்கு முன்பே வரவழைத்துக்கொள்வது நல்லது.

அந்த ஊரின் கோடை வெயில் அளவைக் கெடுக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டால் அது பெரிதாக ஒன்றுமில்லை. அலுமினியம் ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரான் விரியும். 30 மி.மீ. விட்டமுள்ள குழி, காலைக்கும் பிற்பகலுக்கும் 15 டிகிரி வேறுபட்டாலும் 10 மைக்ரான்தான் மாறும். பெல்ட்டிலும் திருகாணியிலும் உள்ள பிளே எனும் தளர்வு அதைப்போல் பல மடங்கு. குறையை அங்கே தேட வேண்டும்.

அந்தப் பிளே எப்படி வெளிப்படும் என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வட்டக் குழி ஒன்றைக் கடைந்து அதன் விளிம்பை விளக்கொளியில் சாய்த்தால், ஓர் அச்சு திசை மாறும் நான்கு இடங்களில் சிறு தட்டையோ படியோ தெரியும். வெர்னியரால் இரு திசைகளில் அளந்தால் 0.05 முதல் 0.1 மி.மீ. வரை வித்தியாசம் வருவது இந்த எந்திரங்களில் சகஜம். கண்ணாடியை அழுத்திப் பொருத்தும் குழிக்கு இது தாங்காது. அதனால் அனுபவமுள்ளவர்கள் குழியை வேண்டுமென்றே சற்றுச் சிறிதாகக் கடைந்து, அளந்து, நிரலில் கட்டரின் விட்டத்தை நூறில் ஒரு பங்கு மி.மீ. கணக்கில் திருத்தி மறுபடி ஓட்டுகிறார்கள். கண்ணாடியைச் சுற்றி வரும் நைலான் வளையம் மீதிப் பிழையை விழுங்கிக்கொள்ளும்.

உலோகம்

தொடக்கத்துக்கு 6061 அலுமினியமும் பித்தளையும் ஏற்றவை. அலுமினியம் கட்டரின் பல்லில் அப்பிக்கொள்ளும். மண்ணெண்ணெய் அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துளித்துளியாக விட்டால் விலகும், தீ எச்சரிக்கை அவசியம். பித்தளை மழமழவென்று வெட்டுப்படும், வியர்வையில் கறுக்கும். எச்எம்டியின் பழைய மாதிரிகள் பலவற்றில் பித்தளைக் கூட்டுக்குக் குரோமியம் பூசி, பின்மூடியை மட்டும் எஃகில் வைத்ததற்குக் காரணம் அதுவே: தோலைத் தொடுவது பின்மூடி.

316எல் துருவேறா எஃகு தொழிற்சாலைகளின் தேர்வு. சிறு ரௌட்டரில் அது ஏன் தகராறு செய்கிறது என்பதற்கு விடை வேகத்தில் இருக்கிறது. ரௌட்டர் மோட்டார்கள் பலவற்றின் குறைந்தபட்ச வேகமே நிமிடத்துக்கு 10,000 சுற்று. 3 மி.மீ. கட்டரின் பல் அந்த வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 94 மீட்டர் ஓடுகிறது. எஃகுக்கு அது அதிகம். மேலும், சட்டம் வளைந்து கட்டர் வெட்டாமல் உரசினால் எஃகின் மேற்பரப்பு இறுகிவிடும்; அடுத்த சுற்றில் கட்டர் உடையும். டைட்டானியமும் அநேகமாக இதே கதைதான். அலுமினியத்தில் அதே கட்டர், இரண்டு பல், நிமிடத்துக்கு 300 மி.மீ. நகர்வு என்றால் ஒரு பல் எடுக்கும் சீவல் 0.015 மி.மீ. இது வெட்டும். நகர்வை இன்னும் குறைத்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர் உரசலைத்தான் வரவழைக்கிறார்.

வேலை வரிசை

முதல் முடிவு மெஷின். பொழுதுபோக்காளர்கள் அதிகம் நாடும் செய்கோ குழுமத்தின் என்எச்35 மெஷின் 27.4 மி.மீ. விட்டமும் 5.32 மி.மீ. தடிமனும் கொண்டது. மியோட்டா 8215 விட்டத்தில் சிறியது, 26 மி.மீ.; தடிமனில் சற்று அதிகம், 5.67 மி.மீ. மெஷினின் வரைபடத்திலிருந்து சாவித் தண்டின் மையம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை எடுத்துக்கொண்ட பிறகே கூட்டை வரைய வேண்டும்.

கட்டியின் ஒரு பக்கத்தை முடித்துவிட்டுப் புரட்டிப்போடும்போது இரு பக்க மையங்களும் விலகாமல் இருக்க வேண்டும். அடிப்பலகையில் ரௌட்டரே துளையிட்ட இரண்டு டவல் பின்களில் கட்டியை உட்கார வைப்பது எளிய வழி. பலகையைக் கழற்றாதவரை துளைக்கும் எந்திரத்துக்கும் உள்ள உறவு மாறாது. முதலில் பின்பக்கம்: மெஷின் குழி, பின்மூடியின் படி. பிறகு முன்பக்கம்: டயல் படி, கண்ணாடிக் குழி. வெளி உருவமும் காதுகளும் கடைசியில், ஏனெனில் அதுவரை பிடித்துக்கொள்ள முரட்டு உலோகம் மிச்சமிருக்க வேண்டும்.

வேலை பெரும்பாலும் கெடுவது சாவித் துளையில். மூன்று அச்சு ரௌட்டர் பக்கவாட்டில் துளையிடாது. கூட்டைச் செங்குத்தாக நிறுத்தும் தனி ஃபிக்ஸரை முதலில் செய்து, 3 மணி திசையை மேலே கொண்டுவந்து, சென்டர் டிரில்லால் தடம் வைத்து, பிறகு துளைக்க வேண்டும். தண்டு கால் மி.மீ. மேலோ கீழோ போனாலும் சாவி இறுகும், மெஷினின் பற்கள் தேயும். குழி எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் இதற்கு ஈடில்லை.

பொறிப்பு இதற்கு நேர்மாறு. சிறு ரௌட்டர் சிறப்பாகச் செய்வது அதைத்தான். திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் 217 அடி ராஜகோபுரத்தைப் பின்மூடியில் 20 மி.மீ. உயரத்தில் வரைந்தால், 11 நிலைகளில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மி.மீ.க்கும் குறைவாகவே இடம் கிடைக்கும். 30 டிகிரி கூர்முனைக் கட்டர் 0.2 மி.மீ. ஆழத்தில் ஏறக்குறைய 0.1 மி.மீ. அகலக் கோடு போடும். மூடியின் பரப்பு ஓரிடத்தில் 0.1 மி.மீ. தாழ்ந்திருந்தால் அங்கே கோடு பாதியாக மெலிந்து, மேல்நிலைகள் தெளிவாகவும் கீழ்நிலைகள் மங்கலாகவும் வரும். எனவே மூடியைப் பொருத்திய அதே நிலையில் பரப்பை ஒருமுறை சீவிவிட்டு, கழற்றாமல் பொறிக்க வேண்டும்.

மெருகும் சோதனையும்

கட்டரின் தடங்களை அரத்தாலும் எமரித் தாளாலும் படிப்படியாக எடுக்க வேண்டும். மேல்பரப்பில் ஒரே திசைக் கோடுகள், சரிவுகளில் பளபளப்பு என்பது பழகிய முறை. அவசரமாகப் பஃப் போட்டால் விளிம்புகள் மழுங்கி, கூடு வார்ப்படம் போலத் தோன்றும்.

நீர்புகாத் தன்மைக்கு 2010-இல் வந்த ஐஎஸ்ஓ 22810 தரம் பொது அளவுகோல். வீட்டில் அந்தச் சோதனை இயலாது. மெஷின் இல்லாத வெற்றுக் கூட்டை மூடி வெந்நீரில் அமிழ்த்தலாம். உள்ளே காற்று விரிந்து, கசியும் இடத்தில் குமிழி விடும். கண்ணாடி ஓரத்தில் குமிழி வந்தால் வளையத்தை மாற்றிப் பார்க்கலாம். சாவிக் குழாயடியில் வந்து, புது ரப்பர் வளையம் போட்டும் நிற்காவிட்டால், துளை சாய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கூட்டை மறுபடி கடைய வேண்டும்.