கழன்று வராத டைட்டானியம்

1952. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகம். பெர்-இங்வார் ப்ரோனமார்க் என்கிற இளம் ஆராய்ச்சியாளருக்கு ஒரு தலைவலி. முயலின் கால் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவி, கழன்று வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது.

எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்ப்பதற்காகச் செய்த குட்டி ஜன்னல் அது. விலை ஜாஸ்தி. கழற்றித் திரும்பப் பயன்படுத்தலாம் என்று பார்த்தால்... ம்ஹூம். எலும்பு உலோகத்தை அப்படியே கவ்விப் பிடித்திருந்தது.

இதை முதலில் பார்த்தவர் அவரில்லை. 1951லேயே லெவந்தால் என்கிற அமெரிக்க டாக்டர், எலிகளின் தொடை எலும்பில் டைட்டானியம் ஸ்க்ரூக்களை முடுக்கிப் பார்த்திருந்தார். 6 வாரத்தில் ஸ்க்ரூ லேசாக இறுகியிருந்தது. 16 வாரம் கழித்து ஒன்றைக் கழற்றப் போனால், எலும்பே உடைந்துவிட்டது! எழுதியும் வைத்தார். ஆனால் அந்தப் பிடியையே ஆயுள் முழுக்கத் துரத்தியவர் ப்ரோனமார்க்தான்.

1965ல் கோத்தன்பர்க் நகரில், பிறவியிலேயே தாடை சரியாக அமையாத ஒருவர் அவரை நம்பி வாயைத் திறந்தார். கீழ்த்தாடையில் 4 டைட்டானியம் ஸ்க்ரூக்கள். அதன் மேல் பல்வரிசை. மருத்துவ உலகம் நம்பவில்லை. உடம்புக்குள் உலோகம் போனால் சுற்றிலும் சவ்வு வளர்ந்து ஒதுக்கிவிடும் என்பதுதான் அன்றைய பாடம். 1982ல் டொரான்டோ மாநாட்டில்தான் பல் டாக்டர்கள் இறங்கி வந்தார்கள். 17 வருஷம்!

சரி, எலும்பு எப்படித்தான் உலோகத்தைப் பிடிக்கிறது? நேரடியாக இல்லை. டைட்டானியத்தின் மேல் தானாகவே மெல்லிய ஆக்ஸைடு படலம் உண்டு. ரத்தம் பட்டதும் அதன் மேல் ஃபைப்ரோநெக்டின் மாதிரியான புரதங்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. செல்லின் தோலில் இன்டெக்ரின் என்று குட்டிக் கொக்கிகள் இருக்கின்றன. அவை பிடிப்பது இந்தப் புரதத்தைத்தான்.

இங்கேதான் சொரசொரப்பு வருகிறது. வழவழ கான்க்ரீட்டில் பூச்சு நிற்காது என்று கொத்தனார் முதலில் உளியால் கொத்திவிடுவாரே, அதே கதை. 1991ல் டேனியல் பூஸர் குழு குட்டி ரகப் பன்றிகளில் சோதித்தது. பளபளவென்று மெருகேற்றிய டைட்டானியத்தில் எலும்பு தொட்டிருந்தது 20-25 சதவிகிதப் பரப்பைத்தான். மணல்வீச்சில் கொத்தி, ஆசிட்டில் அரித்த பரப்பில் 50-60!

ஆனால் செல் என்பது சிமென்ட் இல்லை. அதற்குத் தரை தெரியும். வழவழப்பில் தோசை மாதிரி பரவிப் படுத்துக்கொண்டு பெருகும். மேடுபள்ளம் கிடைத்தால் பெருகுவதைக் குறைத்துக்கொண்டு எலும்பு கட்டும் வேலையில் இறங்கிவிடும். அதற்காக ஒரேயடியாகச் சொரசொரப்பாக்கினாலும் ஆபத்து. ஈறு விலகி வெளியே தெரிந்தால், அந்தப் பள்ளங்களில் பாக்டீரியா குடித்தனம் வந்துவிடும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு மேடுபள்ளம் போதும் என்பது இன்றைய கணக்கு.

அந்த 1965 ஸ்க்ரூக்களில் இந்த வித்தை எதுவும் கிடையாது. லேத்தில் கடைந்தபோது விழுந்த மெல்லிய கோடுகள்தான். அந்த மனிதர் 2006ல் இறந்துபோனார். அதுவரை அவற்றோடுதான் சாப்பிட்டார்.