விற்பதா, வைத்திருப்பதா? தோட்டங்கள் கைமாறிய வரலாறு



ஒரு தொழில் வேகமாக வளர்ந்து வருகிறது. அந்த நேரத்தில் பணம் படைத்த ஒருவர் வந்து, "இதை எனக்கு விற்றுவிடுங்கள், நல்ல விலை தருகிறேன்" என்கிறார். விற்றுவிடுவதா? சொந்தக் காலில் நிற்பதா? கணினித் துறையில் இறங்கியுள்ள இளைஞர்கள் இன்று அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. ஆனால், நம் நாட்டுத் தோட்டங்களுக்கு இது பழைய கேள்வி. அதற்கு வெவ்வேறு காலத்தில் கிடைத்த விடைகளை இவ்வுரையில் வரிசையாகக் காண்போம்.

முதலில் அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று. பிரெண்ட்ஸ்டர் என்ற சமூக ஊடகம் 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. நம் மலேசிய இளைஞர்கள் பலர் முதன்முதலில் நண்பர் வட்டம் அமைத்துக்கொண்டது அதில்தான். 2003ஆம் ஆண்டு அதை வாங்கிக்கொள்ள கூகுள் நிறுவனம் 3 கோடி அமெரிக்க டாலர் தர முன்வந்தது. பிரெண்ட்ஸ்டர் மறுத்தது. ஆனால், பெருகி வந்த கூட்டத்தைத் தாங்க அதன் இயந்திரங்களால் முடியவில்லை. ஒரு பக்கம் திறக்கவே நெடுநேரம் பிடித்தது. மக்கள் மெல்ல மெல்ல வேறிடம் போனார்கள். 2009ஆம் ஆண்டின் இறுதியில் அதை வாங்கியது மலேசியாவின் எம்.ஓ.எல். குளோபல் நிறுவனம். 2011ஆம் ஆண்டு அது விளையாட்டுத் தளமாக மாற்றப்பட்டது. 2015ஆம் ஆண்டு அதன் சேவை நின்றது.

அதே காலத்தில் பேஸ்புக் நிறுவனத்தையும் ஒருவர் விலைக்குக் கேட்டார். 2006ஆம் ஆண்டு யாஹூ 100 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. பேஸ்புக்கும் மறுத்தது. அது பின்னர் அடைந்த வளர்ச்சியை உலகமே அறியும். இருவரும் சொன்னது "முடியாது" என்ற ஒரே சொல்தான். ஒருவர் வீழ்ந்தார், மற்றவர் வளர்ந்தார். ஆகவே, விற்க மறுப்பது மட்டும் வெற்றியாகிவிடாது. மறுத்த பின் நடத்திக் காட்டும் ஆற்றலும் வேண்டும். இது முதற்பாடம்.

இனி நம் கேமரன் மலைக்கு வருவோம். 1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இம்மலைப் பகுதியை ஆராய்ந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் இங்கே 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை பயிரிட்டு அனுபவம் பெற்ற ஏ. பி. மில்ன் அவருக்குத் துணை நின்றார். அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்து, உலகெங்கும் பொருளாதார மந்தம் சூழ்ந்தது. 1933ஆம் ஆண்டு ரஸ்ஸலும் காலமானார். பின்னர் ஜப்பானியர் ஆட்சி வந்தது. அதன்பின் அவசரகாலம் வந்தது. விற்றுவிட்டுக் கப்பலேறக் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆயினும் தோட்டம் அக்குடும்பத்தின் கையைவிட்டுப் போகவில்லை. பின்னாளில் ரஸ்ஸலின் பேத்தி அதன் நிர்வாகத் தலைமைக்கு வந்தார்.

இது எப்படி முடிந்தது? இரண்டு காரணங்களைச் சொல்லலாம். ஒன்று, தேயிலையின் இயல்பு. நட்ட செடியில் கொழுந்து கிள்ள மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வேர் பிடித்துவிட்டால் அது பல பத்தாண்டுகள் பலன் தரும். அவசரக்காரருக்கு ஏற்ற பயிர் அன்று அது. மற்றொன்று, அந்நிறுவனத்தின் பங்குகள் சந்தையில் விற்கப்படவில்லை. பங்குகள் சந்தையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு கத்ரி நிறுவனம் சான்று. 1821ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தோன்றி, மலாயாவில் பெருந்தோட்டங்களை ஆண்ட நிறுவனம் அது. 1981 செப்டம்பர் 7ஆம் நாள் லண்டன் பங்குச் சந்தையில் நம் நாட்டின் பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம் அதன் பங்குகளை வாங்கத் தொடங்கியது. ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் கத்ரி மலேசியர் கைக்கு வந்துவிட்டது. நம் மண் நம்மிடம் திரும்பியது என்று நாடு மகிழ்ந்தது. அந்த மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால், மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக்குப் போன பால்மரத் தொழிலாளியை, இந்த விற்பனை பற்றி அதற்கு முன் யாரும் கேட்கவில்லை.

இங்கேதான் தோட்டத்திற்கும் கணினி நிறுவனத்திற்கும் உள்ள பெரிய வேறுபாடு தெரிகிறது. 2012ஆம் ஆண்டு இன்ஸ்டாகிராம் 100 கோடி டாலருக்கு விலை பேசப்பட்டபோது அதில் வேலை செய்தவர்கள் 13 பேர். தோட்டமோ ஓர் ஊர். லயத்து வீடு தோட்டத்தினுடையது. கோயில் நிற்கும் நிலமும் தோட்டத்தினுடையது. பள்ளிக்கூடமும் அப்படித்தான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அச்சட்டத்தால் நம் தமிழ்ப் பள்ளிகள் பல தோன்றின என்பது உண்மை. அதனாலேயே தோட்டத்தின் தலைவிதியோடு பள்ளியின் தலைவிதியும் கட்டப்பட்டுவிட்டது என்பதும் உண்மை. தோட்டம் விலைபோனால் வேலை, வீடு, கோயில், பள்ளி ஆகிய நான்கும் ஒரே நாளில் கேள்விக்குறியாகிவிடும்.

1950ஆம் ஆண்டுகளில் இது கண்கூடாக நடந்தது. ஐரோப்பிய முதலாளிகள் பலர் ரப்பர்த் தோட்டங்களை விற்றனர். விடுதலை நெருங்கிவந்ததால் ஏற்பட்ட அச்சம் ஒரு காரணம். முதிர்ந்த மரங்களை அழித்து மறுநடவு செய்தால் ஆறேழு ஆண்டுகள் வருமானமின்றிக் காத்திருக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். வாங்கிய தரகர்கள் தோட்டத்தைத் தோட்டமாக வைத்திருக்கவில்லை. சிறு சிறு துண்டுகளாக்கி மறுபடியும் விற்றனர். ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வாங்கியவருக்கு லயத்து ஆட்கள் தேவைப்படவில்லை. தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். இதைத் 'தோட்டத் துண்டாடல்' என்றார்கள். பேராசிரியர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை விரிவாக ஆராய்ந்து அறிக்கை தந்தார்.

அப்போது ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். தோட்டங்கள் விலைக்கு வருகின்றன என்றால், அங்கே உழைப்பவர்களே அவற்றை ஏன் வாங்கக்கூடாது என்று அவர் கேட்டார். 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்றார். பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்கு சேருங்கள் என்று வேண்டினார். அன்றைய பால்மரத் தொழிலாளிக்குப் பத்து வெள்ளி என்பது சில நாள் கூலி. "நாம் போய்த் தோட்டம் வாங்குவதா?" என்று தயங்கியவர்களும் உண்டு. ஆனால், 1961ஆம் ஆண்டே கெடா மாநிலத்தில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அதன்பின் வேறு மாநிலங்களிலும் தோட்டங்கள் சேர்ந்தன. 1979ஆம் ஆண்டு துன் சம்பந்தன் மறைந்தார். சங்கம் இன்றும் இயங்கிவருகிறது.

கூட்டுறவுச் சங்கத்தில் ஒருவருக்கு ஒரு வாக்குத்தான். பங்கு எத்தனை வைத்திருந்தாலும் வாக்கு ஒன்றே. ஆகவே, கத்ரிக்கு நேர்ந்ததுபோல வெளியார் ஒருவர் பங்குகளைத் திரட்டி ஒரு காலைப் பொழுதில் அதைக் கைப்பற்றிவிட முடியாது. எனினும் துண்டாடப்பட்ட தோட்டங்களோடு ஒப்பிட்டால் சங்கம் காப்பாற்றியவை சிலவே. பத்து வெள்ளி வழி காட்டியது. ஆனால், எல்லாரையும் கரையேற்ற அது போதவில்லை.

சரி, உழைப்பவர்களே பங்குதாரர் ஆகிவிட்டால் குறை தீர்ந்துவிடுமா? இதற்குக் கேரளத்தின் மூணாறு விடை சொல்கிறது. நம் கேமரன் மலையைப் போலவே குளிர்ந்த தேயிலை மலை அது. அங்கே கொழுந்து கிள்ளுபவர்களில் மிகப் பலர் தமிழ்ப் பெண்கள். 2005ஆம் ஆண்டு டாட்டா தேயிலை நிறுவனம் அத்தோட்டங்களின் நிர்வாகத்திலிருந்து விலகியது. கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனம் என்ற புதிய அமைப்பு உருவாயிற்று. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் அதன் பங்குதாரர் ஆனார்கள். ஆனால், 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது, அதே பெண்கள் சாலையில் அமர்ந்து போராடினார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று தங்களுக்குப் பெயரிட்டுக்கொண்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக்கூட அருகில் விடவில்லை. ஒன்பது நாள் போராடி, போனஸும் கருணைத் தொகையுமாகச் சேர்த்து 20 விழுக்காடு பெற்றார்கள். பங்குச் சீட்டு அவர்கள் பெட்டியில் இருந்தது. கணக்குப் புத்தகமோ வேறோர் அறையில் இருந்தது. பங்கு வேறு, அதிகாரம் வேறு என்பதை அவர்கள் நமக்குக் கற்பித்தார்கள்.

நேயர்களே, இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். விற்பது எப்போதும் துரோகமும் அன்று, வைத்திருப்பது எப்போதும் தியாகமும் அன்று. குடும்பத்தார் கையில் நிலைத்த தோட்டம் உண்டு. விற்க மறுத்து வீழ்ந்த நிறுவனமும் உண்டு. என்ன விலை என்று கேட்பதற்கு முன் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. முடிவெடுப்பவர் யார்? அந்த முடிவோடு வாழப்போகிறவர் யார்? இந்த இரண்டிற்கும் விடை ஒரே ஆளாக இருந்தால் பிழை நேர்ந்தாலும் திருத்திக்கொள்ளலாம். வேறு வேறு ஆளாக இருந்தால், வாழப்போகிறவருக்கும் அந்த மேசையில் ஓர் இடம் வேண்டும்.

கேமரன் மலையில் இன்று கொழுந்து வெட்டுபவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களும் தோட்டத்து வீட்டில்தான் உறங்குகிறார்கள். நம் பாட்டன் பாட்டி நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். நம் பிள்ளைகளோ மலையிறங்கிப் படித்துத் தொழில் தொடங்குகிறார்கள். நாளை அவர்களுள் ஒருவர் ஒரு நிறுவனம் கண்டு, அதற்கு நல்ல விலையும் வரலாம். விற்றாலும் சரி, விற்காவிட்டாலும் சரி, அதில் வேலை செய்பவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கையெழுத்திட வேண்டும். தோட்டத்து வரலாறு படித்த பிள்ளைகளிடம் நாம் எதிர்பார்ப்பது இதைத்தான்.