சார்ஜிங் டாக்: திருப்பூர் பின்னலாடைக் கிடங்குகளில்

சார்ஜிங் டாக் என்பது, பார்கோடு படிக்கவும் சரக்கைக் கணக்கில் ஏற்றவும் கிடங்குகளில் பயன்படும் கையடக்கக் கணினிகளை நிறுத்திவைத்து மின்னேற்றும் தாங்கி. கிரேடில், ஸ்டாண்டு என்றும் சொல்வார்கள். ஒரு கருவிக்கான மேசை டாக், நான்கைந்து கருவிகளை வரிசையாக நிறுத்தும் பல்குழி டாக், கழற்றிய பேட்டரியை மட்டும் ஏற்றும் பேட்டரி சார்ஜர், நெட்வொர்க் இணைப்பும் சேர்ந்த ஈதர்நெட் டாக், ஃபோர்க்லிஃப்டில் பொருத்தும் வண்டி டாக் என்று வகைகள் பல. திருப்பூரில் முதல் மூன்றுக்குத்தான் வேலை. பனியன் பெட்டியைத் தூக்க ஃபோர்க்லிஃப்ட் தேவைப்படும் கிடங்கு இங்கே குறைவு.

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 2024-25 நிதியாண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயைத் தொட்டது. அந்தச் சரக்கில் பெரும்பகுதி ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. வாங்கிய நூல் நிட்டிங்குக்குப் போகிறது. அங்கிருந்து சாயப்பட்டறை, காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஜாப் ஒர்க்காக ஊரைச் சுற்றிவிட்டுத்தான் தூத்துக்குடிக்கு லாரி ஏறுகிறது. துணி ரோலாகவும், வெட்டிய பண்டிலாகவும், அட்டைப்பெட்டியாகவும் அது கைமாறும் ஒவ்வொரு வாசலிலும் ஒரு பதிவு வேண்டும். முன்பு டெலிவரி சலானும் நோட்டும் போதுமாயிருந்தன. இப்போது இயற்கைப் பருத்திக்கான காட்ஸ் சான்றிதழ், லாட் வாரியாகக் கணக்குக் கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை 18இல் நடைமுறைக்கு வந்த சூழல்சார் வடிவமைப்புச் சட்டம், ஆடைகளுக்கும், பொருளின் விவரங்களைத் தாங்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் கொண்டுவர வழிசெய்கிறது. பெட்டிக்குள் இருக்கும் அளவும் நிறமும் வெளியே ஒட்டிய லேபிளோடு ஒத்துப்போகவில்லை என்றால் பையர் பணத்தைப் பிடித்துக்கொள்வார். ஆகவே ஸ்கேனர் என்று அழைக்கப்படும் அந்தக் கையடக்கக் கணினி இல்லாமல் பேக்கிங் பிரிவு நகராது. ஸ்கேனர் ஓட வேண்டுமானால் சார்ஜ் வேண்டும்.

ஒன்றரை ஷிஃப்ட் கணக்கு

எத்தனை டாக், எந்த வகை என்பதை வேலை நேரம்தான் முடிவு செய்கிறது. இதைக் கவனிக்காமல் கருவியின் விலையை மட்டும் பேரம் பேசி வாங்குவது வீண். தயாரிப்பாளர்கள் ‘ஒரு ஷிஃப்டுக்குத் தாங்கும்’ என்று எழுதும்போது அவர்கள் மனத்தில் இருப்பது எட்டு மணி நேரம், மிஞ்சினால் பத்து. திருப்பூரில் வழக்கம் ஒன்றரை ஷிஃப்ட். காலை எட்டரைக்கு உள்ளே போனவர் இரவு எட்டரைக்கோ ஒன்பதுக்கோதான் வெளியே வருவார். ஷிப்மெண்ட் தேதி நெருங்கிவிட்டால் பேக்கிங் விடிய விடிய நடக்கும். ஆக, பேட்டரி கைவிடும் நேரம் பெரும்பாலும் மாலை ஆறு மணிக்கு மேல். பெட்டிகள் குவியும் நேரமும் அதுவே.

இரவு வேலை இல்லாத கம்பெனிக்குக் கருவிக்கு ஒரு குழி போதும். முழு சார்ஜ் ஏற நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், இரவு ஒன்பதிலிருந்து காலை எட்டரை வரை நேரம் தாராளம். மாலைத் தட்டுப்பாட்டை மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஈடுகட்டலாம். லித்தியம் அயான் பேட்டரி முதல் முக்கால் பங்கை வேகமாக வாங்கிக்கொண்டு, கடைசிக் கால் பங்கை மெதுவாக நிரப்பும் இயல்புடையது. பாதி காலியான பேட்டரியை ஒரு மணி நேரம் டாக்கில் வைத்தால் மாலை நேரத்தைக் கடந்துவிடும். டீ இடைவேளையின் கால் மணி நேரம் பெரிதாக உதவாது.

ஆனால் சாப்பிடப் போகிறவர் வழியிலேயே வைத்துவிட்டுப் போகும் இடத்தில் டாக் இருக்க வேண்டும். ‘திருட்டுப் போகும்’ என்று சிஸ்டம் ரூமில் பூட்டிவைத்தால் மதியத்தில் ஒருவரும் அங்கே நடக்கப் போவதில்லை. ஸ்கேனர் பெட்டிமேல் கிடக்கும். பேக்கிங் பிரிவிலேயே, சூப்பர்வைசர் மேசைக்குப் பக்கத்துச் சுவரில், பூட்டுள்ள கம்பிக்கதவுக்குள் மாட்டுவது நல்ல ஏற்பாடு. குழிக்கு ஒரு நிறம், அதே நிறத்தில் ஸ்கேனருக்கு ஒரு ஸ்டிக்கர். பிகார், ஒடிசா, ஜார்கண்ட் ஆட்கள் நிறையப் பேர் வேலை செய்யும் ஊரில் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதிவைப்பதைவிட இது வேகமாகப் புரியும். எந்தக் குழி காலி என்று ஒரே பார்வையில் தெரிவது கூடுதல் லாபம்.

இரவும் பகலும் ஓடும் கம்பெனிக்கு இந்தக் கணக்கே மாறிவிடும். கருவி கைவிட்டுக் கை மாறிக்கொண்டிருப்பதால் டாக்கில் நிற்க நேரமே கிடைக்காது. அங்கே வேண்டியது கழற்றி மாட்டும் பேட்டரியும் தனி பேட்டரி சார்ஜரும். பேட்டரி எட்டு மணி நேரம் ஓடி, நான்கு மணி நேரம் ஏறினால், ஏட்டுக் கணக்கில் கருவிக்கு ஒன்றரை பேட்டரி. 20 கருவிகளுக்கு 30. பேட்டரிகளுக்கு வயதாகும் என்பதால் இன்னும் ஐந்தாறு கூட்டிக்கொள்வதே நடைமுறை. பேட்டரியைக் கழற்றும்போது கருவி என்ன செய்கிறது என்பதையும் வாங்கும் முன் பார்க்க வேண்டும். சில மாடல்கள் உள்ளே சிறிது மின்சாரத்தைத் தேக்கி, விட்ட இடத்திலிருந்து தொடரும். சில, அணைந்து மறுபடி எழும். அப்போது பாதி ஸ்கேன் ஆன பெட்டியை முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான்.

ரேடியோ அலையால் டேக்கைப் படிக்கும் ஆர்எஃப்ஐடி படிப்பானைக் கைப்பிடியாகச் செருகிப் பயன்படுத்தும் கம்பெனிகள் தனியே யோசிக்க வேண்டும். அந்தக் கைப்பிடிக்குத் தனி பேட்டரி. தொடர்ந்து அலை அனுப்புவதால் சீக்கிரம் தீரும். கைப்பிடியோடு சேர்த்து நிறுத்தும் டாக்கின் குழி அளவும் வேறு.

பஞ்சு

திருப்பூர்க் கிடங்கில் டாக்கின் முதல் எதிரி பஞ்சு. கட்டிங் டேபிளிலும், ஓவர்லாக் கத்தி ஓரம் நறுக்கும் இடத்திலும் பறக்கும் துகள் காற்றிலேயே மிதந்து பேக்கிங்வரை வரும். ஸ்கேனர் தூசியும் நீரும் புகாத ஐபி65 தரம் என்று சொல்லி விற்கப்படும். அந்தத் தரம் கருவிக்கு உரியது. டாக்குக்குப் பெரும்பாலும் அப்படி எந்தத் தரமும் இல்லை. மேல்நோக்கித் திறந்த குழி பஞ்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குழியின் அடியில், கருவி உட்காரும்போது அழுந்தி மின்தொடர்பு தரும் ஸ்பிரிங் முனைகள் சில இருக்கும். பஞ்சும் கைவியர்வையும் அயர்னிங் நீராவியும் சேர்ந்து அங்கே பசைபோல் இறுகும். முனை மேலே எழாமல் சிக்கிக்கொள்ளும். கருவி குழியில்தான் நிற்கும், விளக்கு எரியாது. அட்டைப்பெட்டித் துண்டை நான்காக மடித்து ஸ்கேனரின் முதுகுக்குப் பின்னால் சொருகி அழுத்தம் கொடுத்திருப்பதைப் பார்த்தால், அந்த டாக் பல மாதம் சுத்தம் பார்க்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

தையல் மெஷினை ஊதும் ஏர் கன்னால் டாக்கையும் ஊதுவது பரவலான பழக்கம், கெடுதலும்கூட. பஞ்சு உள்ளே இன்னும் ஆழமாகப் போகும், கம்ப்ரஸரில் தேங்கிய தண்ணீரும் சேர்ந்து தெறிக்கும். டிரிம்மர் முனையால் சுரண்டினால் முலாம் போய்விடும். மின்சாரத்தை அணைத்துவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் வாரம் ஒருமுறை துடைத்து, காய்ந்தபின் இயக்குவதே சரி. குழிக்கு மேலே ஒரு சாய்பலகை அடித்தால் விழும் பஞ்சு குறையும். துணி போட்டு மூடக்கூடாது. சூடு உள்ளேயே தங்கிவிடும்.

‘டாக் எதற்கு, போன் சார்ஜர் போதுமே’ என்று கேட்கும் முதலாளிகள் உண்டு. இன்றைய ஆண்ட்ராய்டு ஸ்கேனர்கள் பலவற்றில் யுஎஸ்பி-சி துளை இருப்பதால் அப்படிச் செய்ய முடியும் என்பதும் உண்மை. நாலைந்து ஸ்கேனர் உள்ள சிறு யூனிட்டில் சில காலம் ஓடும். பிறகு அந்தத் துளைக்குள் பஞ்சு அடைத்து, ஒயர் முழுதாக நுழையாமல், அழுத்தி அழுத்தியே துளை ஆட்டம் கொடுக்கும். டாக் பழுதானால் டாக்கை மாற்றலாம். துளை உடைந்தால் கருவியின் போர்டில் கைவைக்க வேண்டியிருக்கும். பஞ்சுப் பிரச்சினைக்கு நேரடியான விடை, உலோக முனையே இல்லாத வயர்லெஸ் சார்ஜிங். இத்தாலிய நிறுவனமான டேட்டாலாஜிக்கின் மெமோர் 10, ஸ்கார்பியோ எக்ஸ்5 மாடல்களில் அது உண்டு. கட்டிங் பிரிவிலேயே ஸ்கேன் செய்யும் கம்பெனிக்கு இந்த வசதி கூடுதல் விலைக்குத் தகும். குளிரூட்டிய ஸ்டோர் ரூமுக்குத் தேவையில்லை.

வெப்பமும் மின்சாரமும்

பெரும்பாலான டாக்குகள் 40 டிகிரி செல்சியஸ் வரைதான் சார்ஜ் ஏற்றும். அதற்குமேல் போனால் பேட்டரியைக் காப்பாற்றத் தானே நிறுத்திக்கொள்ளும். சித்திரை வெயிலில் தகரக்கூரை ஷெட்டுக்குள் இந்த எல்லையைத் தாண்டுவது சாதாரணம். ஸ்டீம் அயர்னிங் டேபிளுக்கும் பாய்லர் குழாய்க்கும் அருகில் மாட்டிய டாக்குக்குச் சித்திரை வரை காத்திருக்கவும் வேண்டாம். ஸ்கேனர் தயாரிப்பு நிறுவனமான சீப்ராவின் டிசி வரிசைக் கருவிகளில் மஞ்சள் விளக்கு மெதுவாகச் சிமிட்டினால் சார்ஜ் ஏறுகிறது. வேகமாகச் சிமிட்டினால் வெப்பம் போன்ற ஏதோ கோளாறு. சிவப்பு என்றால் பேட்டரியின் ஆயுள் முடிகிறது. இந்தச் செய்தியை ஒரு தாளில் நிறம் தீட்டி டாக்கின் மேல் ஒட்டிவைப்பது, சர்வீஸ் ஆளைக் கூப்பிடும் செலவைக் குறைக்கும்.

மின்தேவை குறைவுதான். ஐந்து குழி டாக் ஒன்றுக்குச் சீப்ரா தரும் அடாப்டர் 12 வோல்ட், 9 ஆம்பியர், அதாவது 108 வாட். 40 ஸ்கேனருக்கு எட்டு டாக் வைத்தாலும் உச்சத்தில் 864 வாட். ஓர் அயர்ன் பாக்ஸ் இழுக்கும் அளவு. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் ஜெனரேட்டரே போதும். மாற்றும்போது விழும் சில விநாடி இடைவெளியால் டாக்குக்கு ஒன்றும் ஆகாது. யுபிஎஸ்ஸை வைஃபை பெட்டிக்குக் கொடுத்துவிட்டு, டாக் லைனுக்கு நல்ல எர்த்தும் மின்னழுத்த உயர்வைத் தடுக்கும் சாதனமும் போடுவதே பணத்துக்கு ஏற்ற வழி.

வாங்கும்போது

டாக் மாடலுக்கு மாடல் மாறும். ஸ்கேனர் தயாரித்த சிம்பல் நிறுவனத்தை 2007இல் மோட்டரோலாவும், மோட்டரோலாவின் அந்தப் பிரிவை 2014இல் சீப்ராவும் வாங்கின. பழைய பெயர்ப்பலகையுள்ள டாக்குகள் செகண்ட்ஹேண்ட் சந்தையில் மலிவாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மைக்ரோசாஃப்ட் தன் கையடக்க விண்டோஸ் 6.5க்கான ஆதரவை 2020 ஜனவரி 14இல் முடித்தபின் கிடங்குகள் ஆண்ட்ராய்டுக்கு நகர்ந்தன. அந்தத் தலைமுறை டாக்குகள் இன்றைய கருவிக்குப் பொருந்தா. அன்று தரவை இறக்கவே டாக் வேண்டியிருந்தது. இன்று வைஃபை அதைச் செய்துவிடுவதால் ஈதர்நெட் டாக்குக்குக் கூடுதல் பணம் கொடுப்பது இங்கே அநேகமாக அநாவசியம்.

ரப்பர் உறை போட்ட கருவி குழியில் உட்காருமா என்று கையில் வைத்துப் பார்த்துத்தான் ஆர்டர் போட வேண்டும். கோட்டேஷனில் ‘டாக்’ என்று ஒரே வரி இருந்தால் சந்தேகம் கொள்வது நல்லது. பல மாடல்களில் டாக், அடாப்டர், அடாப்டரிலிருந்து டாக்குக்கு வரும் ஒயர், சுவர் பிளக் ஒயர் நான்கும் தனித்தனிப் பொருள், தனித்தனி விலை. டாக் வந்து இறங்கியபின் மூன்று பின் ஒயருக்காகக் காத்திருப்பது வழக்கமாக நடக்கும் கூத்து. அடாப்டரில் ஐஎஸ் 13252, பேட்டரியில் ஐஎஸ் 16046 எண்ணோடு இந்தியத் தர நிர்ணய முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதி விலை டூப்ளிகேட் பேட்டரியைச் சில டாக்குகள் ஏற்கவே மறுக்கும். ஏற்றுக்கொண்டால் அது இன்னும் பெரிய கவலை.

விடுமுறையும் கழிவும்

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போகும் தொழிலாளர்கள் திரும்பிவர ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை ஸ்கேனர்களைத் தீர்ந்த பேட்டரியோடு போட்டுவைத்தால் சில திரும்ப எழாது; முழு சார்ஜில் டாக்கிலேயே விட்டாலும் பேட்டரி வீணாகும். பாதி சார்ஜில் அணைத்து, பேட்டரி கழற்றக்கூடியது என்றால் கழற்றி, நிழலான இடத்தில் வைத்து, டாக்கின் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் போவது முறை. ஆளில்லாத ஷெட்டில், துணிக்கும் அட்டைப்பெட்டிக்கும் நடுவே, பேட்டரிகளை ஏறிக்கொண்டிருக்க விடுவது ஆபத்து. ஆள் இருக்கும் நாட்களிலும் டாக் சுவரிலோ இரும்பு ரேக்கிலோ, பெட்டி அடுக்குக்கு எட்டாமல் இருக்க வேண்டும்.

நல்ல பேட்டரி 300 முதல் 500 முறை முழுதாக ஏறி இறங்கியபின் மெல்ல வலு குறையும்; தினம் ஒருமுறை ஏற்றுகிற கம்பெனிக்கு அது ஒன்று முதல் ஒன்றரை ஆண்டுக் கணக்கு. உப்பிய பேட்டரியைக் குழியில் திணித்துத் தள்ளக்கூடாது, குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது. திருப்பூரில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. கட்டிங் வேஸ்ட் இங்கே விற்பனைச் சரக்கு. மூட்டையாகப் போய் மில்லில் கிழித்து மறுபடி நூலாகிறது. அந்த மூட்டைக்குள் ஒரு பேட்டரி சிக்கிக் கிழிக்கும் மெஷினின் பற்களுக்குள் போனால் பஞ்சு முழுதும் பற்றிக்கொள்ளும். 2022இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைக்கின்றன. வாங்கும்போதே ‘பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்’ என்று பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு வரி எழுதிவிட்டால், டீலர் அடுத்த பேட்டரி கொண்டுவரும்போது பழையதை எடுத்துக்கொண்டு போவார்.